அந்தப் படத்தில் நாம் எங்கே?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



படப் புத்தகங்கள் வழியாகக் குழந்தைகளுக்குப் பைபிள் கதைகளை அறிமுகப்படுத்துவது பற்றி இன்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பாதிரியார் அல்லன். வேத பண்டிதனும் அல்லன். பினாங்கில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியன். ஆகவே இதைப் பிரசங்கமாக அல்லாமல் ஒரு சரித்திரமாகவே சொல்ல விரும்புகிறேன். அந்தச் சரித்திரத்தைத் தேடிப் போக வைத்தது ஒரு சிறுமியின் கேள்வி.

எங்கள் பக்கத்து வீட்டுப் பேத்திக்கு எட்டு வயது. தாய்வழியில் கிறிஸ்தவர்கள், தந்தைவழியில் இந்துக்கள். நம் ஊரில் இது புதிதல்ல. கிறிஸ்துமஸுக்கு யாரோ ஒரு படப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"தாத்தா, இயேசு சாமி வெள்ளைக்காரரா?"

"ஏம்மா அப்படிக் கேக்குற?"

"இந்தப் புக்குல நல்லவங்க எல்லாரும் வெள்ளையா இருக்காங்க. கெட்டவங்கதான் கறுப்பா இருக்காங்க. நம்மள மாதிரி ஆளுங்க யாருமே இந்தக் கதையில இல்லையா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. "அப்புறம் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இன்று உங்கள் முன் சொல்லப் போகிறேன்.

தாயும் பிள்ளையும் ஒரு புத்தகமும்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதம் 26-ஆம் தேதியை ஒட்டி புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா நடக்கிறது. 1888-ல் கட்டப்பட்ட பழைய ஆலயம் அங்கே இன்னும் இருக்கிறது. கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, நம் இந்துக் குடும்பங்களும் சீனர்களும் மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறார்கள்.

அன்னம்மாள், மரியாளின் தாய். இந்தப் பெயரே பைபிளில் கிடையாது. ஆதிகாலத்துக் கிறிஸ்தவ மரபு நூல் ஒன்றில்தான் வருகிறது. ஆனால் ஐரோப்பிய ஓவியர்கள் அன்னம்மாளை வரைந்தபோது, மகளைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு புத்தகத்தைக் காட்டிப் படிக்கக் கற்றுக் கொடுப்பதாக வரைந்தார்கள். எழுத்தறியாத மக்கள் கோடிக்கணக்கில் இருந்த காலத்தில், பிள்ளைக்கு வேதத்தைச் சொல்லிக் கொடுப்பது தாயின் வேலை என்று ஒரு படமே சொல்லிவிட்டது.

படத்துக்கு அவ்வளவு சக்தி உண்டு. புத்தகத்தில் இல்லாததையும் அது மனத்தில் பதித்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இங்கேதான் வரப் போகிறோம்.

பிள்ளைகளுக்கென்று வந்த முதல் படங்கள்

அச்சு இயந்திரம் வருவதற்கு முன்பு ஐரோப்பாவில் சாதாரண மனிதனுக்குக் கோயில் சுவரும் வண்ணக் கண்ணாடி ஜன்னலும்தான் பைபிள். அச்சு வந்த பிறகு நிலைமை மாறியது. 1529-ல் மார்ட்டின் லூதர் தம் ஜெப நூலின் புதிய பதிப்பில் ஏறத்தாழ 50 மர அச்சுப் படங்களைச் சேர்த்தார். குழந்தைகளும் எளிய மக்களும் கதையைப் பார்த்து நினைவில் வைக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். சிறுவர் பட பைபிளின் வரலாற்றை இங்கிருந்து தொடங்குவோர் பலர்.

1658-ல் கொமேனியஸ் என்ற கல்வியாளர், உலகத்துப் பொருள்களையெல்லாம் படம் காட்டிப் பெயர் சொல்லும் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். இன்று நம் பாலர் பள்ளியில் "அம்மா, ஆடு, இலை" என்று படத்தோடு சொல்லிக் கொடுக்கிறோமே, அந்த முறைக்கு அது ஒரு மூதாதை.

1714-ல் ஜெர்மனியின் ஹூப்னர் என்ற ஆசிரியர் பிள்ளைகளுக்கான பைபிள் கதைநூல் ஒன்றை எழுதினார். பழைய ஏற்பாட்டிலிருந்து 52 கதைகள், புதிய ஏற்பாட்டிலிருந்து 52 கதைகள். வாரத்துக்கு ஒரு கதை என்றால் இரண்டு வருடப் பாடம். ஒவ்வொரு கதைக்கும் கீழே கேள்விகள், பிறகு படிப்பினை, பிறகு ஒரு சிறு செய்யுள். பிந்தைய பதிப்புகளில் கதைக்கு ஒரு படம் என்று சேர்ந்துகொண்டது. நூறு ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகள் அதைப் படித்தார்கள்.

அதே காலத்தில் தரங்கம்பாடியில்

1706 ஜூலையில் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அடுத்த ஆண்டே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. ஹூப்னரின் நூல் வந்த அதே 1714-ல் தமிழில் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சேறின. 1715-ல் புதிய ஏற்பாடு முழுமை பெற்றது. காகிதம் போதாமல் பொறையாறு அருகே காகிதப் பட்டறையே வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் அதன் நினைவாக நின்றுவிட்டது.

எழுத்தை அச்சிடவே இந்தப் பாடு என்றால் படத்துக்கு எங்கே போவது? ஆகவே நம் பிள்ளைகள் இந்தக் கதைகளைக் கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டார்கள்.

அதற்கும் முன்னால், 1542-லிருந்து முத்துக்குளித்துறைக் கரையில் பிரான்சிஸ் சவேரியார் செய்ததும் அதுதான். தெருவில் மணி அடித்துக்கொண்டே போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் ஜெபங்களை வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுத்ததாக அவரே கடிதங்களில் எழுதியிருக்கிறார். பின்னர் 1545-ல் நம் மலாக்காவுக்கும் வந்தார். பினாங்கு சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வழிவழியாகக் கூடும் ஆலயம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) இன்னும் ஒரு படி மேலே போனார். 'பெத்லெகேம் குறவஞ்சி' பாடினார். யூதேயா நாட்டுக் கதைக்குள் குறத்தி வந்து குறி சொன்னாள். கேட்ட பிள்ளைகளின் மனத்தில் அந்தக் குறத்தி என்ன நிறத்தில் இருந்திருப்பாள்? நிச்சயமாக வெள்ளைக்காரியாக இருந்திருக்க மாட்டாள்.

காதால் கேட்ட கதைக்கு அந்த நன்மை உண்டு. முகத்தைக் கேட்பவனே வரைந்துகொள்கிறான்.

அக்பர் பார்த்த படங்கள்

இந்தியாவில் பைபிள் படங்களே இல்லாமல் இருந்தனவா என்றால், இல்லை. 1580-ல் ஏசு சபைக் குருமார்கள் ஃபதேபூர் சிக்ரியில் அக்பரைச் சந்தித்தபோது, ஆண்ட்வெர்ப் நகரில் அச்சான பன்மொழி பைபிளைப் பரிசளித்தார்கள். அதில் இருந்த செப்புத்தகட்டுப் படங்களை அக்பரின் ஓவியர்கள் ஆவலோடு பார்த்துப் படி எடுத்தார்கள்.

1602-ல் சவேரியாரின் உறவினரான ஜெரோம் சேவியர், இயேசுவின் வாழ்க்கையைப் பாரசீக மொழியில் எழுதி அக்பருக்குக் கொடுத்தார். 'புனிதத்தின் கண்ணாடி' என்று அதன் பெயரைச் சொல்லலாம். இளவரசர் சலீமுக்காக, அதாவது பிற்கால ஜஹாங்கீருக்காக, அதன் பிரதி ஒன்றை இந்திய ஓவியர்கள் படங்களோடு தயாரித்தார்கள். அது இன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் நாட்டு ஓவியர்கள் அந்தக் கதையை மொகலாயச் சிற்றோவிய முறையில், தாங்கள் அறிந்த உலகத்தில் வைத்தே வரைந்தார்கள்.

பார்த்தீர்களா? நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தியக் கைகள் இந்தக் கதையை வரைந்துவிட்டன. ஆனால் அது அரண்மனைப் புத்தகம். கையால் எழுதி, கையால் வரைந்த பிரதி. ஏழை வீட்டுப் பிள்ளையின் கைக்கு அது எப்படி வரும்?

ஒரே படம், பல மொழிகள்

ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வந்தது வேறு வழியில். 1832-ல் ஜெர்மனியின் கால்வ் என்ற சிற்றூரைச் சேர்ந்த பார்த் என்ற பாதிரியார், ஹூப்னரைப் போலவே 52-ம் 52-மாகக் கதைகள் கொண்ட மலிவுப் பதிப்பு ஒன்றைப் படங்களோடு கொண்டுவந்தார். அது பல டஜன் மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அவருக்குப் பின் 1862-ல் அந்தப் பதிப்பகத்தை நடத்த வந்தவர் ஹெர்மன் குண்டர்ட். 1836-ல் இந்தியா வந்து, முதலில் தமிழ் கற்று, பின்னர் மலையாள அகராதி தந்து புகழ்பெற்றாரே, அவர்தான். எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் தாய்வழித் தாத்தா.

இதில் உள்ள தொழில் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எழுத்தை மொழிக்கு மொழி புதிதாகக் கோர்க்க வேண்டும். படத்தை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. மரத்தில் ஒருமுறை செதுக்கிய படத்துக்கு உலோகத்தில் வார்ப்புப் பிளாக் எடுத்துவிட்டால், எந்த நாட்டு அச்சகத்துக்கும் அனுப்பலாம். லண்டனிலிருந்து மிஷன் அச்சகங்களுக்கு அப்படித்தான் பிளாக்குகள் போயின. கீழே தமிழ் எழுத்தோ ஆப்பிரிக்க மொழி எழுத்தோ போட்டால் புத்தகம் தயார்.

1840-களில் தென்தமிழகத்து மிஷன் அச்சகங்களிலிருந்து சிறுவர் இதழ்களே வரத் தொடங்கியிருந்தன. புத்தகத்தின் மொழி தமிழானது. படத்தின் முகம் ஐரோப்பிய முகமாகவே இருந்தது. பெரும்பாலும் இது யாரும் திட்டமிட்டுச் செய்த சதி அல்ல. பிளாக் மலிவு, ஓவியரை வைத்துப் புதிதாக வரைவது செலவு. காசுக் கணக்கு முடிவு செய்ததைப் பிள்ளைகளின் மனம் உண்மை என்று எடுத்துக்கொண்டது.

நம் கரைக்கு வந்தது

இனி நம் ஊருக்கு வருவோம். பிரான்சிஸ் லைட் 1786-ல் பினாங்கில் கொடி ஏற்றினார். 1816-ல் ஹட்சிங்ஸ் பாதிரியார் பினாங்கு ஃபிரீ ஸ்கூலைத் தொடங்கினார். பைபிளின் மலாய் மொழிபெயர்ப்பைத் திருத்தும் பணியிலும் அவர் ஈடுபட்டிருந்தார். 1819-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜான் இன்ஸும் தாமஸ் பெய்ட்டனும் இங்கே வந்து பள்ளிகள் நடத்தினார்கள். 1827-ல் வந்த சாமுவேல் டயர், சீன எழுத்துக்கு உலோக அச்சு செய்யும் வேலையை இந்த ஊரில்தான் தொடங்கினார். எந்தெந்த எழுத்து அதிகம் புழங்குகிறது என்று எண்ணி எண்ணி 3,000 எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார். ஒரு கதையை இன்னொரு மொழிப் பிள்ளையிடம் கொண்டு சேர்க்க அவ்வளவு உழைப்பு வேண்டியிருந்தது.

இந்தச் சரித்திரத்தில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு. மலாய் இலக்கியத்தின் முன்னோடி முன்ஷி அப்துல்லாவுக்கு மலாக்காவில் இளமையிலேயே தமிழ் கற்பித்தார்கள். அன்று அது வணிகர்களின் மொழி. மலாக்கா மிஷன் அச்சகத்தில் அச்சுத்தொழில் பழகிய அவர், பின்னர் சிங்கப்பூரில் கீஸ்பெரி பாதிரியாரோடு பணியாற்றினார். கீஸ்பெரி தம் பள்ளியில் மலாய்ப் பிள்ளைகளுக்கு அச்சுத்தொழிலும் கற்றுக் கொடுத்தார். கல்லச்சில் அழகிய மலாய்ப் புத்தகங்களை வெளியிட்டார். அப்துல்லாவின் சுயசரிதை 1849-ல் அவரிடம்தான் அச்சானது.

1891-ல் மெதடிஸ்ட் மிஷன் பினாங்கில் பள்ளி தொடங்கியது. அந்தக் காலத்து அமெரிக்க ஞாயிறு பள்ளிகளில், வாரத்துக்கு ஒரு பெரிய வண்ணப்படம் என்று சுருளாகக் கட்டி வைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு அதே படத்தில் சிறிய அட்டை. பாடம் முடிந்ததும் பழைய சுருள்களையும் அட்டைகளையும் வெளிநாட்டு மிஷன்களுக்கு அனுப்புவது அங்கே வழக்கம். வண்ணப்படமே அபூர்வமாக இருந்த காலத்தில் அந்த அட்டை ஒரு பொக்கிஷம். நான் சிறுவனாக இருந்தபோது செபராங் பிறைத் தோட்டத்து லயத்தில் ஒரு பாட்டி அப்படி ஓர் அட்டையைச் சாமி படங்களோடு சட்டம் போட்டு மாட்டியிருந்தார். ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த மேய்ப்பர் படம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் காணாமல் போன ஆட்டைத் தேடிப் போன கதையை, தோட்டத்தில் மாடு தொலைந்த கதை போலவே சொல்வார். அவர் சொன்னபோது அந்த மேய்ப்பர் எங்கள் தோட்டத்து ஆளாகிவிட்டார்.

நம் சாமி படங்களும் தப்பவில்லை

இதைக் கேட்டுவிட்டு, "பார்த்தாயா, அவர்கள் செய்ததை!" என்று யாரும் பெருமூச்சு விட வேண்டாம். நம் பூஜை அறைக்கும் இதே கதைதான். ரவிவர்மா 1894-ல் மும்பையில் ஜெர்மன் இயந்திரங்களைக் கொண்டு கல்லச்சகம் தொடங்கினார். லட்சுமியும் சரஸ்வதியும் காலண்டர் படமாக வீடு வீடாக வந்தார்கள். அந்த முகமே தேவியின் முகம் என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது.

1967-ல் ஆனந்த் பை அமர் சித்திரக் கதையைத் தொடங்கினார். தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றில், கிரேக்க புராணம் பற்றிப் பதில் சொன்ன பிள்ளைகளுக்கு ராமனின் தாயார் பெயர் தெரியவில்லை. அதைப் பார்த்த வருத்தமே காரணம் என்று அவர் சொல்லி வந்தார். பாராட்ட வேண்டிய பணி. இயேசுவின் கதையும் அந்த வரிசையில் வந்தது. ஆனால் வீரர்கள் சிவப்பாகவும் அசுரர்கள் கறுப்பாகவும் வரையப்பட்டதை ஆய்வாளர்கள் பின்னாளில் குறையாகச் சுட்டிக்காட்டினார்கள். ஆக, அந்தச் சிறுமியின் கேள்வி ஒரு மதத்தைப் பற்றியது அல்ல. படம் வரையும் எல்லோரையும் பார்த்துக் கேட்ட கேள்வி.

நான் சொன்ன பதில்

சில நாள் கழித்து அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"இயேசு வெள்ளைக்காரர் இல்லம்மா. மேற்கு ஆசியாவுல பொறந்த யூதர். அவர் எப்படி இருந்தார்னு பைபிள்ல எங்கேயும் எழுதலை. இந்தப் படத்தை வரைஞ்சவங்க அவரைப் பார்த்தது இல்லை. அவங்க ஊரு ஆளு மாதிரி வரைஞ்சுக்கிட்டாங்க" என்றேன்.

2001-ல் பிபிசி ஒரு முயற்சி செய்தது. அந்தக் காலத்து யூத மண்டையோடு ஒன்றைக் கொண்டு, ரிச்சர்ட் நீவ் என்ற நிபுணர் அந்த மண்ணின் மனிதர் எப்படி இருந்திருக்கலாம் என்று ஒரு முகத்தை உருவாக்கினார். அகன்ற முகம், கருத்த மேனி, குட்டையான சுருள் முடி. அது இயேசுவின் முகம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நம் காலண்டர் முகத்தைவிட அந்த மண்ணுக்கு நெருக்கமான முகம்.

அவள் விடவில்லை. "அப்ப நம்ம ஊரு?" என்றாள்.

அதற்கும் ஒரு பதில் இருந்தது. சாலொமோன் ராஜாவின் கப்பல்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்குகள், மயில்கள் ஆகியவற்றைக் கொண்டுவந்ததாகப் பழைய ஏற்பாட்டில் ஒரு செய்தி இருக்கிறது. அங்கே மயிலைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் எபிரேயச் சொல் 'துக்கி'. இது நம் 'தோகை' என்ற சொல்லோடு தொடர்புடையது என்று கால்டுவெல் போன்ற அறிஞர்கள் கருதினார்கள். ஏற்காதவர்களும் உண்டு. ஆனாலும் அந்தக் கப்பலில் நம் ஊர் மயில் ஏறிப் போயிருக்கலாம் என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதில் தவறில்லை. "இருக்கலாம்" என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பெற்றோருக்கு மூன்று வார்த்தை

முதலாவது, பிள்ளையின் கையில் படப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அன்னம்மாள் படம் சொல்வதே அதுதான். புத்தகம் பாதி, சொல்பவர் பாதி.

இரண்டாவது, "இதை வரைஞ்சவர் நேர்ல பார்த்தாரா?" என்று கேட்கப் பழக்குங்கள். பைபிள் படமானாலும் ராமாயணப் படமானாலும் இந்தக் கேள்வி பொருந்தும். இதனால் பக்தி குறையாது. படம் வேறு, கதை வேறு என்று பிள்ளைக்குத் தெரியும்.

மூன்றாவது, கதை தெரிந்துகொள்வதால் மதம் மாறிவிடுமோ என்று பயப்படாதீர்கள். நோவாவின் பேழையை இஸ்லாமிய அன்பர்கள் நபி நூஹ் கதையாக அறிவார்கள். நமக்கோ மனுவின் ஓடத்தைக் காத்த மீன் கதை இருக்கிறது. பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் தேவாலயமும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஊர் இது. பக்கத்து வீட்டின் கதை தெரிந்த பிள்ளை, பக்கத்து வீட்டை மதிக்கத் தெரிந்த பிள்ளை.

கடைசியாக ஒன்று. அன்று அந்தச் சிறுமிக்கு ஒரு வெள்ளைத் தாளும் வண்ணப் பென்சில்களும் கொடுத்து, சாலொமோனின் கப்பலை நீயே வரை என்றேன். ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து காட்டினாள். கப்பல் நம் பழைய பினாங்கு ஃபெரியைப் போல மஞ்சளாக இருந்தது. மேல்தளம் முழுக்க மயில்கள். ஓரத்தில் ரெட்டைச் சடை போட்ட ஒரு கறுப்புப் பெண் நின்று மயிலுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது யாரும்மா?" என்றேன்.

"நான்தான் தாத்தா" என்றாள்.